கூப்பிட்டு வந்த பிள்ளை

“அந்த சர்க்குலர் உங்களாலதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?”

கேட்டவர் டாக்டர் மாலினி. இடம், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பெண்கள் சங்கத்தின் மாடி அறை. நான் அப்போதுதான் கறிபாப் பலகாரத்தைக் கடித்திருந்தேன். வாய் நிறைய உருளைக்கிழங்கு. அதனால் சிரிக்க மட்டும்தான் முடிந்தது.

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

என்ன சர்க்குலர் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கல்யாணமான ஒரு பெண், கொஞ்ச நாளைக்குப் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கிறார். கிளினிக்குக்குப் போகிறார். கவுன்டரில் முதல் கேள்வி என்ன? “புருஷன் வந்திருக்காரா? சைன் போட்டாரா?” எல்லா கிளினிக்கிலும் இல்லை. ஆனால் எங்களிடம் வந்து அழுத பெண்கள் போன சில இடங்களில் இதுதான் வழக்கம். இப்படிக் கேட்கச் சொல்லி எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடினோம். எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. யாரோ எப்போதோ ஆரம்பித்து வைத்தது... அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்தச் சொல்லித்தான் எங்கள் சங்கம் சில வருஷங்கள் அலைந்தது. மனு, மீட்டிங், மறுபடியும் மனு. அதிகாரிகளின் அறை வாசலில், ஏர்கான் குளிரில் விறைத்துக்கொண்டு காத்திருந்ததில் எங்கள் தலைவி ராஜி அக்காவுக்கு மூட்டுவலியே வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் அந்தக் கிளினிக்குகளுக்கெல்லாம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை போனது. பெண்ணின் சம்மதம் போதும், கணவரின் கையெழுத்து தேவையில்லை. அன்றைக்குக் கீழே வாழையிலைக் கடையில் நாங்கள் போட்ட சத்தத்தில் கடைக்காரரே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

ஜெயித்துவிட்டோம். அப்படித்தான் நினைத்தோம்.

எங்கள் சங்கத்துக்கு நிதி தரும் வெளிநாட்டு அமைப்பு அப்படி நினைக்கவில்லை. உங்கள் பிரசாரத்தால் உண்மையில் என்ன விளைந்தது என்று அளந்து சொல்ல ஒருவரை அனுப்பினார்கள். அவர்தான் மாலினி. பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்தவர். தமிழில் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். அவர் எழுதப்போவதைப் பார்த்துத்தான் சங்கம் தொடர்ந்து நடக்குமா, கதவைச் சாத்துவோமா என்பது முடிவாகும்.

“நாங்க நாயா அலைஞ்சோம்மா. அது போதாதா?” ராஜி அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அலைஞ்சது தெரியுது ஆன்டி. அலைஞ்சதாலதான் வந்துச்சா? நீங்க அலையலைன்னாலும் வந்திருக்குமா? அதைத்தான் நான் பார்க்கணும்.”

அதோடு நிற்கவில்லை. விதி மாறியது சரி, அது கவுன்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால், அதனால் ஏதாவது ஒரு பெண்ணின் வாழ்க்கை மாறியதா? அந்தப் பெண்ணை நான் பார்க்க முடியுமா?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்ஆர்டி ரயிலில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். எதைப் பார்த்தாலும் அதே கேள்வி. என் மகன் சிகரெட்டை விட்டானே, அது நான் கத்தியதாலா? இல்லை, அவன் காதலி மூக்கைச் சுளித்ததாலா? இத்தனை வருஷமாக இந்தப் பத்தியை எழுதுகிறேனே... யாராவது, எதையாவது, இதைப் படித்ததனால் மட்டும் செய்திருப்பார்களா? (செய்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மாலினியிடம் காட்ட வேண்டும்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த வாரம் மாலினி, ராஜி அக்கா, நான் மூவரும் என் காரில் கிளம்பினோம். முதலில் ஸ்ரீ கெம்பாங்கான். அந்தச் சுற்றறிக்கைக்குக் குறிப்பு எழுதிய அதிகாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று அங்கேதான் இருக்கிறார். சிவபாலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் முழுக்க ஆர்கிட் தொட்டிகள். நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்து, தானே சிரப் தண்ணி கலந்து கொண்டுவந்தார்.

மாலினி நேராகக் கேட்டார். “சார், அந்த சர்க்குலர் எப்படி வந்துச்சு?”

அவர் கொஞ்சம் நெளிந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவருடைய மகள். கணவருக்கு மிரி பக்கம் கடலில் எண்ணெய் மேடை வேலை. வீட்டுக்கு வந்தால் வந்ததுதான், போனால் போனதுதான். கைப்பிள்ளையோடு தனியாக இருந்த மகள் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். புருஷன் சைன் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேராக அப்பா வீட்டுக்கு வந்து, கைப்பையைச் சோபாவில் வீசியிருக்கிறார்.

“‘டேடி, என் உடம்புக்கு அவர் சைன் வேணுமாம். இந்த ரூலை உங்க ஆபீஸ்தான் வச்சிருக்காம். நிஜமா?’ன்னு கேட்டா. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அடுத்த வேலை நாள்ல முதல் வேலையா அந்த நோட்டை எழுதினேன்.”

ராஜி அக்காவின் கையிலிருந்த சிரப் தண்ணி அப்படியே நின்றது.

“எங்க மனு?” என்றார்.

“வந்துச்சுங்க. படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க.”

“அது இல்லைன்னா?” மாலினி விடவில்லை. “இவங்க மனு ஒண்ணுமே வரலைன்னா, நீங்க எழுதியிருப்பீங்களா சார்?”

“எழுதியிருப்பேன்... ஆனா என்ன எழுதணும்னு தெரிஞ்சிருக்காது. கோவம் மட்டும்தான் இருந்திருக்கும். இவங்க மனுவுல வாசகமெல்லாம் ரெடியா இருந்துச்சு. பாதிக்கு மேல அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.”

காரில் ஏறியதும் ராஜி அக்கா வெடித்தார்.

“எத்தனை பொண்ணுங்க நம்ம ஆபீஸ்ல உக்காந்து அழுதிருக்கும்? அதெல்லாம் இவருக்குக் கேக்கல. சொந்த மக கைப்பையத் தூக்கிப் போட்டாத்தான் கேக்குது. நம்ம மனுவ விட அந்தச் சோபாவுக்குத்தான் பவர் ஜாஸ்தி!”

எனக்கும் கசந்தது. பொய் சொல்வானேன்? இவ்வளவு காலம் நாங்கள் திறந்ததாக நினைத்திருந்த கதவை வேறொருவர் உள்ளே இருந்து திறந்திருக்கிறார். நாங்கள் வெளியே நின்று சாவியை நீட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். அது சின்ன விஷயமா, பெரிய விஷயமா? கெசாஸ் நெடுஞ்சாலை முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முன்னால் ஒரு சிமெண்டு லோரி. பின்னால் ராஜி அக்காவின் பெருமூச்சு.

மாலினி மட்டும் எழுதிக்கொண்டே வந்தார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க ஆசைதான். ஸ்டியரிங்கில் இருப்பவள் எட்டிப் பார்க்கலாமா?

“கவலைப்படாதீங்க ஆன்டி,” என்றார் ராஜி அக்காவிடம். “இன்னும் அந்த லேடியப் பார்க்கலையே.”

அந்த லேடி - தேவகி.

தேவகியை நினைத்ததும் ராஜி அக்காவின் முகம் மலர்ந்தது. எங்கள் வெற்றியை நேரில் பார்க்க வேண்டுமா? பண்டமாரானுக்கு வாருங்கள்! தேவகிக்கு மூன்று பிள்ளைகள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. கணவர் சேகர் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். முன்பு கிளினிக்கில் சைன் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, எங்களிடம் வந்து அழுதவர்களில் தேவகியும் ஒருவர். சுற்றறிக்கை வந்த பிறகு ராஜி அக்காவே கூடப் போய் நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கையில் தோலுக்கு அடியில் வைக்கிற இம்ப்ளான்ட்டைப் போட்டு அனுப்பினார்கள். எங்கள் ஆண்டறிக்கையில் பெயரை மாற்றி அவர் கதையைத்தான் போட்டிருந்தோம். முதல் பக்கத்தில்.

ஃப்ளாட்டில் லிப்ட் வேலை செய்யவில்லை. மூட்டுவலியோடு ராஜி அக்கா படியேறினார். கதவைத் தட்டினோம்.

தேவகி திறந்தார்.

வயிறு முன்னால் வந்தது. பிறகுதான் தேவகி வந்தார். ஏழாவது மாதம்.

ராஜி அக்கா என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். மாலினி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாங்க அக்கா, ஏன் வெளியவே நிக்கிறீங்க?” என்றார் தேவகி. அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை!

உட்கார்ந்ததும் ராஜி அக்காவால் அடக்க முடியவில்லை. “என்னம்மா இது? அது வேலை செய்யலையா? நழுவிருச்சா?”

“இல்லக்கா. எடுத்துட்டேன்.”

“யாரு எடுக்கச் சொன்னா? சேகரா? மாமியாரா?”

“யாரும் சொல்லல.”

“அப்புறம்?”

மூத்த மகள் ஐஸ் மைலோ கொண்டுவந்து வைக்கும்வரை தேவகி காத்திருந்தார். அவள் உள்ளே போனதும்தான் பேசினார்.

“முன்னாடி மாசா மாசம் பயம்க்கா. நாள் தள்ளிப்போனா வேலையில கை ஓடாது. அவரு தூரப் பயணம் முடிச்சு வீட்டுக்கு வராருன்னா சந்தோசப்படணும்ல? நான் காலண்டர்ல நாள எண்ணுவேன். அதை வச்சதுக்கப்புறம் அந்தப் பயமே போச்சு. நிம்மதியா வேலைக்குப் போனேன். ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எடுத்தேன், தெரியுமா? எங்க கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற பொம்பள நான்தான். அவரும் நானும் நல்லா பேசிக்க ஆரம்பிச்சோம். பயம் போனதும்தான் எனக்கு என்ன வேணும்னு யோசிக்கவே முடிஞ்சுச்சு.”

“என்ன வேணும்னு தோணுச்சு?” மாலினி மெல்லக் கேட்டார்.

“இன்னொண்ணு.”

வெட்கமாகச் சிரித்தார். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

“மூணும் அதுங்களா வந்துச்சுங்க டாக்டர். வந்ததுக்கப்புறம்தான் பாசம் வச்சேன். இது மட்டும் நான் கூப்பிட்டு வந்துச்சு.”

மாலினி பேனாவை மூடிவிட்டார்.

எனக்குச் சந்தோஷமா? குழப்பமா? இரண்டும்தான். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பிரசாரம் செய்தோம். எங்கள் பிரசாரத்தால் பயன் அடைந்த பெண் நான்காவது பிள்ளையைச் சுமந்துகொண்டு நிற்கிறார். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது, வரவிலா செலவிலா? கருத்தடை பயன்படுத்துகிறாரா என்று கேட்டால், இல்லை. வாழ்க்கை மாறியதா என்று கேட்டால்... இவரைவிட மாறிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். ஆனால் கதவு திறந்தது. கையில் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்களோடு சேகர் உள்ளே வந்தார். வெயிலில் கறுத்த ஆள், பெரிய உருவம். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“நீங்கதானா அக்கா, அந்தச் சங்கம்?”

“ஆமா தம்பி,” என்றார் ராஜி அக்கா.

பொட்டலங்களை மேசையில் வைத்தார். உட்காரவில்லை. “ஒண்ணு கேக்கணும்னு நெனைச்சிட்டே இருந்தேன். புருஷன் சைன் வேணாம்னு நீங்கதான் கொண்டுவந்தீங்களாம். அதை வைக்கும்போதும் என்கிட்ட கேக்கல. எடுக்கும்போதும் கேக்கல. மூணு போதும்னு நான் சொன்னவன். லோரி ஓட்டுறவன் நான், நாள் கணக்கா ரோட்டுல கிடக்கிறவன். இந்த வீட்டுல நான் யாரு? ட்ரைவரா?”

சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் ராஜி அக்கா ஒரு பிடி பிடித்திருப்பார். குடிகாரப் புருஷன், அடிக்கிற புருஷன்... இவர்களுக்கெல்லாம் எங்களிடம் பதில் இருக்கிறது. வீட்டுக்குச் சாப்பாடு கட்டி வரும், மனசு நொந்துபோன புருஷனுக்கு? இருந்த பதில்கள் எல்லாம் மீட்டிங்குக்கு எழுதியவை.

பதில் தேவகியிடமிருந்து வந்தது.

“எடுக்கப்போறேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன. கேக்கல.”

“முதல் மூணுக்கும் நீங்க என்னைக் கேட்டீங்களா?”

சேகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கையை முட்டியில் ஊன்றி, தரையையே பார்த்தார். தேவகியின் முகம் சண்டையில் ஜெயித்த முகம் இல்லை. அவரும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

“இல்ல,” என்றார் சேகர் கடைசியில். “கேக்கல.”

அவரே தொடர்ந்தார். “சரி. வந்துருச்சு. வர்ற பிள்ளைய நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? என்கிட்டயும் கொஞ்சம் உக்காந்து பேசியிருக்கலாம்னுதான் சொல்றேன்.”

“பேசியிருக்கலாம்,” என்றார் தேவகி. “பயந்துட்டேன். நீங்க வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு.”

ராஜி அக்கா என் கையைப் பிடித்தார். கிளம்பலாம் என்று அர்த்தம்.

எங்களை வழியனுப்ப சேகர் கீழே கார் வரைக்கும் வந்தார். சும்மா வரவில்லை. ஏதோ கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறார். மாலினி காரில் ஏறும் வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா... ஆம்பளைங்களுக்கும் ஏதோ ஒரு ஆபரேஷன் இருக்காமே?”

“இருக்கு. சின்ன ஆபரேஷன்தான்.”

“வலிக்குமா?”

“மூணு பெத்தவ மேல இருக்கா, அவகிட்ட போய்க் கேளு, வலின்னா என்னன்னு!” என்றார் ராஜி அக்கா.

சேகர் சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். “அதுக்கு அவ சைன் வேணுமா?”

எனக்கு அது சரியாகத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். “கிளினிக்ல கேளுங்க தம்பி. அதுக்கு முன்னாடி அவளைக் கேளுங்க.”

“கேக்கறேன்,” என்றார். “நான் கேப்பேன்.”

அந்த ‘நான்’ மேல் ஓர் அழுத்தம் இருந்தது பாருங்கள்... அதைக் குத்தல் என்று எடுத்துக்கொள்வதா, பாடம் என்று எடுத்துக்கொள்வதா? இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். பெண்ணின் முடிவு பெண்ணுடையது. இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு விதியை மாற்றிவிட்டால் வீட்டுக்குள் புருஷனும் பொண்டாட்டியும் தானாகவே பேசிக்கொள்வார்கள் என்று நாங்கள் எப்படி நினைத்தோம்? நினைத்தோமா, அல்லது அதைப் பற்றி யோசிக்கவே இல்லையா?

மாலினியின் அறிக்கை போன மாதம் வந்தது. நாங்கள் பயந்த மாதிரி இல்லை. நாங்கள் ஆசைப்பட்ட மாதிரியும் இல்லை. சுற்றறிக்கைக்கு எங்கள் சங்கம் மட்டும் காரணம் அல்ல, ஆனால் எங்கள் மனு இல்லாமல் அது அந்த வடிவத்தில் வந்திருக்காது என்று எழுதியிருந்தார். ராஜி அக்காவுக்கு அந்த ‘மட்டும்’ பிடிக்கவில்லை. அதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று மாலினிக்கு போன் போட்டுக் கேட்டார். மாலினி முடியாது என்றார். மரியாதையாகத்தான்.

தேவகியைப் பற்றி எழுதிய இடத்தில், இந்தப் பெண் தன் முடிவை இருமுறை எடுத்தார், இருமுறையும் தடையின்றி நிறைவேற்றிக்கொண்டார், இதையும் விளைவாகவே கொள்ள வேண்டும் என்று இருந்தது. பிள்ளைகள் குறைந்ததை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பெண் கண்ணில் படமாட்டார் என்றும் ஒரு வரி. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். சங்கம் தொடர்ந்து நடக்கும் என்ற செய்தியைவிட அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

இருந்தாலும் மனசு அடங்கவில்லை. நிதி கிடைத்துவிட்டது, கதவு சாத்தப்படாது, ராஜி அக்கா அடுத்த மீட்டிங்குக்குத் தேதி குறித்துவிட்டார்... எனக்கு மட்டும் அந்த ஹாலில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த சேகர் கண்ணுக்குள்ளேயே நின்றார். கணவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று போன கூட்டத்தில் சொன்னேன். சங்கத்தின் பெயரே பெண்கள் சங்கம் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். அதுவும் சரிதான். ஆனால்... சரி, அந்தச் சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்கிறோம்.

இந்த வாரம் சேகரிடமிருந்து போன் வந்தது. பெண் பிள்ளையாம். தாயும் பிள்ளையும் நலம். பிள்ளை அச்சு அசல் தேவகி மாதிரியே கத்துகிறதாம். சொல்லும்போது குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

“இன்னொண்ணு அக்கா. கிளினிக்குக்கும் போயிருந்தேன். பெரான்சாங் கவுன்டர்ல போய் நின்னேன்.” குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். “நர்ஸ் மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்து, ‘பொண்டாட்டி எங்கே’ன்னு கேக்குது. பொண்டாட்டிக்கு இல்ல, எனக்குத்தான்னு சொன்னேன். அதுக்குச் சிரிப்பு தாங்கல. பின்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து சிரிக்கிறாங்க லா!”

“ஐயோ. அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது? நானும் சிரிச்சேன். ஆனா நகரலக்கா.”

டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்களாம். தேவகியும் கூட வரப்போகிறார். சைன் போட இல்லை... சிரித்தது யார் என்று பார்க்க!